பார்வைக்கு வைத்த வீடு

வீட்டை விற்கவோ வாடகைக்கு விடவோ எண்ணுகிறவர் நம் நாட்டில் வழக்கமாகச் செய்யும் காரியங்கள் இரண்டு. சுவருக்கு வெள்ளையடிப்பார், உள்ளே கிடக்கும் தட்டுமுட்டுச் சாமான்களை அப்புறப்படுத்துவார். பார்க்க வருகிறவர் வெறுஞ் சுவர்களைக் கண்டு, இங்கே கட்டில், அங்கே அலமாரி என்று தாமே மனத்துக்குள் கணக்கிட்டுக்கொள்ள வேண்டியதுதான். அமெரிக்காவிலோ இதற்கு நேர்மாறான ஒரு தொழில் வளர்ந்திருக்கிறது. வெறும் வீடு நல்ல விலை போகாது என்று கருதி, வாடகைக்கு எடுத்த நாற்காலி மேஜைகளையும் திரைச்சீலைகளையும் பூச்சாடிகளையும் கொண்டுவந்து நிரப்புகிறார்கள். அறை பெரிதாகத் தோன்றவேண்டும் என்பதற்காகச் சிறிய சாமான்களாகப் பொறுக்கி வைப்பதும், வெளிச்சம் பரவும் இடம் பார்த்து நிலைக்கண்ணாடி மாட்டுவதும் உண்டு. உரிமையாளரின் குடும்பப் படங்களை மட்டும் கழற்றிவிடுவார்கள். வருகிறவர் அங்கே தம்மைக் காணவேண்டுமேயன்றிப் பிறரைக் காணலாகாது என்பது கருத்து. 1972-ஆம் ஆண்டில் ஸியாட்டில் நகரப் பகுதியில் பார்ப் ஷ்வார்ட்ஸ் என்ற அம்மையார் இம்முறையைத் தொடங்கினார். நாடகத் துறையில் பழகியவராதலின், மேடை அமைப்பதைக் குறிக்கும் ‘ஸ்டேஜிங்’ என்ற சொல்லையே இதற்கும் இட்டார்.

பெயர் புதிது; வீட்டைக் காட்சிப் பொருளாக்கும் வழக்கம் பழையது. 1851-இல் லண்டனில் மாபெரும் கண்காட்சி நடந்தபோது, விக்டோரியா அரசியின் கணவர் ஆல்பர்ட் இளவரசர், தொழிலாளர் குடும்பங்கள் நான்கு வசிக்கத்தக்க மாதிரி வீடு ஒன்றைக் கண்காட்சிக்கு அருகே கட்டுவித்தார். ஹென்றி ராபர்ட்ஸ் என்ற சிற்பி அதன் அமைப்பை வகுத்தவர். அவ்வீடு விற்பனைக்கு வைத்ததன்று. காற்றும் வெளிச்சமும் உள்ள வீட்டை ஏழைகளுக்குக் கட்டி வாடகைக்கு விட்டாலும் போட்ட பணத்துக்கு நியாயமான வருவாய் வரும் என்று பணம் படைத்தோருக்கு உணர்த்துவதே நோக்கம். பின்னர் அதனைப் பிரித்தெடுத்துக் கென்னிங்டன் பூங்காவில் மீண்டும் நிறுவினார்கள். இன்றும் அங்கே காணலாம். 1908-இல் ‘டெய்லி மெயில்’ என்ற செய்தித்தாள், லண்டன் ஒலிம்பியா மண்டபத்தில் ‘இலட்சிய இல்லம்’ என்ற பெயரால் ஒரு கண்காட்சியைத் தொடங்கியது. இளவரசரின் நோக்கம் தருமம். பத்திரிகையின் நோக்கம் விளம்பர வருமானம். இதை நாம் குறை கூற வேண்டியதில்லை. ஆனால் வேறுபாட்டை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது.

இனி அமெரிக்காவுக்குச் செல்வோம். இரண்டாம் உலகப் போர் முடிந்து லட்சக்கணக்கான வீரர்கள் ஊர் திரும்பியபோது அவர்களுக்குக் குடியிருக்க வீடில்லை. மணமான இளைஞர்கள் பெற்றோர் வீட்டில் ஒண்டிக்கொண்டிருந்தார்கள். 1944-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று படைவீரர்களின் வீட்டுக் கடனுக்கு அரசாங்கமே பிணை நிற்க வழிசெய்தது. இவ்வாய்ப்பைப் பயன்படுத்திக்கொண்டவர் வில்லியம் லெவிட். நியூயார்க்குக்குக் கிழக்கே லாங் ஐலண்டில், உருளைக்கிழங்கு விளைந்த வயல்களை வாங்கி, 1947 முதல் 1951 வரை 17,447 வீடுகளை அவருடைய நிறுவனம் கட்டியது. மோட்டார்த் தொழிற்சாலையில் தொழிலாளி நிற்க, வண்டி நகர்ந்து வரும். இங்கே வீடு நிற்க, தொழிலாளர் கூட்டம் வீடுவீடாக நகர்ந்தது. ஒரு கூட்டம் தளம் போடும். அடுத்தது சட்டம் நிறுத்தும். மற்றொன்று வர்ணம் மட்டுமே பூசும். லெவிட்டவுன் என்று பெயர் பெற்ற அவ்வூரைப் படத்தில் பார்த்தால், ஒரே அச்சில் வார்த்த கற்கண்டுக் கட்டிகள் நினைவுக்கு வரும்.

முதலில் அவை வாடகை வீடுகள். 1949-இல் புதிய மாதிரி ஒன்றை 7,990 டாலருக்கு விற்கத் தொடங்கினார்கள். மாதிரி வீடுகளைப் பார்க்கவும் பணம் கட்டிப் பதிவுசெய்யவும் மக்கள் வரிசையில் காத்துக் கிடந்தார்கள். 32 அடிக்கு 25 அடி வீடு. கூடம், சமையலறை, படுக்கையறைகள் இரண்டு. மேல்மாடம் பணி முடியாமல் விடப்பட்டிருந்தது. வசதி வந்தபோது முடித்துக்கொள்ளலாம். சமையலறையை வீட்டின் முன்புறத்துக்குக் கொண்டுவந்து, கூடத்தைப் பின்புறத் தோட்டத்தை நோக்கித் திருப்பி, அங்கே பெரிய கண்ணாடி ஜன்னல் வைத்தார்கள். சலவை இயந்திரம் வீட்டோடு வந்தது. 1950-ஆம் ஆண்டு மாதிரியில், மாடிப்படிக்குக் கீழுள்ள சுவரிலேயே ஒரு டெலிவிஷன் பெட்டியைப் பதித்துவிட்டார்கள்! வீட்டை வாங்கியவன் சுவரையும் கூரையையும் மட்டும் வாங்கவில்லை. மாலையில் குடும்பம் கூடி அமரும் காட்சியையும் சேர்த்தே வாங்கினான். இதுவே லெவிட் கண்ட வணிக நுட்பம்.

அந்த வாடகைப் பத்திரத்திலே ஒரு ஷரத்து இருந்தது. வெள்ளை இனத்தவர் அல்லாதார் எவரும் அவ்வீட்டில் குடியிருக்கக் கூடாது என்பது அது. வேறு இனத்தவரை வேலைக்காரராக வைத்துக்கொள்வதற்கு மட்டும் தடையில்லை என்றும் அதிலே கண்டிருந்தது. அதாவது, அழகிய அச்சமையலறையில் ஒரு கறுப்பினப் பெண் பாத்திரம் துலக்கலாம். அதற்கு எஜமானியாக முடியாது. இத்தகைய ஷரத்துக்களை நீதிமன்றங்கள் அமல்படுத்தலாகாது என்று 1948-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பத்திரத்திலிருந்து ஷரத்து மறைந்தது, வழக்கம் மறையவில்லை. வீட்டுப் பிரச்சினையைத் தம்மால் தீர்க்க முடியும், இனப் பிரச்சினையையும் தீர்க்க முயலலாம், இரண்டையும் சேர்த்துத் தீர்க்க இயலாது என்பது லெவிட் சொன்ன சமாதானம். அவரே யூதர், தம் இனத்தார் பட்ட துன்பத்தை அறியாதவர் அல்லர்.

பத்தாண்டுகளுக்குப் பின், அதே லாங் ஐலண்டில் கட்டப்பட்ட ஒரு வீட்டின் மறு பதிப்பு மாஸ்கோவிலே எழுந்தது. 1959 ஜூலை மாதம், ஸொகோல்னிகிப் பூங்காவில் அமெரிக்கப் பொருட்காட்சி திறக்கப்பட்டது. அங்கே வைத்த மாதிரி வீட்டுக்குள் கூட்டம் நெரியாமல் நடந்து செல்ல நடுவில் ஒரு பாதை விட்டு, வீட்டையே இரண்டாகப் பிளந்திருந்தார்கள். ஸ்புட்னிக்கை நினைத்து அதனை ‘ஸ்பிளிட்னிக்’ என்று கேலியாக அழைத்தனர். மேஸிஸ் என்ற நியூயார்க் அங்காடி உள்ளே வேண்டிய தளவாடங்களை அமைத்துக் கொடுத்தது. சமையலறை ஜெனரல் எலெக்ட்ரிக் கம்பெனியினுடையது. ஜூலை 24-ஆம் தேதி உபஜனாதிபதி நிக்ஸனும் ஸோவியத் பிரதமர் குருஷ்சேவும் அச்சமையலறை எதிரே நின்று வாதாடியதை உலகமே கவனித்தது. வீட்டின் விலை 14,000 டாலர், சாதாரண எஃகுத் தொழிலாளி வாங்கக்கூடியதே என்றார் நிக்ஸன். உங்கள் வீடுகள் இருபது ஆண்டுகளுக்குமேல் நிற்கா, நாங்கள் பிள்ளைகளுக்கும் பேரர்களுக்குமாகக் கட்டுகிறோம் என்றார் குருஷ்சேவ். உணவை வாயில் இட்டுத் தள்ளிவிடும் இயந்திரம் ஏதும் வைத்திருக்கவில்லையா என்றும் குத்தலாகக் கேட்டார்.

ருஷ்யச் செய்தி நிறுவனமான டாஸ் இவ்வீட்டைத் தாக்கியபோது நம் நாட்டையே உவமைக்கு எடுத்தது. இதனை அமெரிக்கத் தொழிலாளியின் வீடு என்று காட்டுவது, பம்பாய் ஆலைத் தொழிலாளியின் வீடு என்று தாஜ்மகாலைக் காட்டுவதற்கு ஒப்பாகும் என்று எழுதியது. உவமை அழகியதே, ஆனால் சரியானதன்று. 14,000 டாலர் வீட்டை வாங்கிக் குடியேறிய அமெரிக்கத் தொழிலாளர்கள் உண்மையாகவே ஏராளமாக இருந்தார்கள். குறை வேறோர் இடத்தில் இருந்தது. ஆயிரம் பேர் ஆயிரம் விதமான வீடுகளைக் கட்ட, மக்கள் தமக்கு வேண்டியதைத் தேர்ந்தெடுக்கும் உரிமையே எங்கள் சிறப்பு என்று அன்று நிக்ஸன் பெருமிதத்தோடு கூறினார். அதற்கு இரண்டே ஆண்டுகளுக்கு முன் பென்ஸில்வேனியா மாநிலத்தில் நடந்ததை மாஸ்கோவில் யாரும் காட்சிக்கு வைக்கவில்லை.

பென்ஸில்வேனியாவில் லெவிட் கட்டிய இரண்டாவது லெவிட்டவுனில், 1957 ஆகஸ்டு மாதம் வில்லியம் மையர்ஸ் என்ற முன்னாள் படைவீரர், மனைவி டெய்ஸியோடும் சிறு குழந்தைகளோடும் குடியேறினார். கறுப்பினத்தவர் அங்கே குடிபுகுந்தது அதுவே முதல் முறை. லெவிட் கம்பெனி அவர்களுக்கு வீடு விற்கவில்லை. முன்பு அதில் குடியிருந்த ஒருவரிடமிருந்தே வாங்கினார்கள். செய்தி பரவியதும் இரவுதோறும் வீட்டெதிரே கும்பல் கூடியது. கல் வீசி அந்தப் பெரிய ஜன்னல் கண்ணாடியை உடைத்தார்கள். கவர்னர் மாநிலப் போலீஸை அனுப்ப நேர்ந்தது. அண்டை வீட்டார் சிலரும் குவேக்கர் சமயத்தாரும் துணை நின்றனர். நீதிமன்றமும் கலகக்காரருக்குத் தடையுத்தரவு விதித்தது. மையர்ஸ் குடும்பம் பணியவில்லை. சில ஆண்டுகள் அங்கேயே வாழ்ந்து, பிறகே வேறு ஊர் சென்றது.

1999-இல் அவ்வூர் மேயர் டெய்ஸி அம்மையாரை அழைத்துவந்து, பழைய செயலுக்காக ஊரின் சார்பில் மன்னிப்புக் கேட்டார். ஊராட்சி அலுவலகத்து எதிரே கிறிஸ்துமஸுக்கு விளக்கேற்றும் மரத்துக்கு ‘மிஸ் டெய்ஸி’ என்று பெயரும் சூட்டினார்கள். வில்லியம் மையர்ஸ் அதைக் காணவில்லை. 1987-இலேயே அவர் காலமாகியிருந்தார்.