பொதுத் தொகுதிக் கொள்கை (தமிழ்க் கிறிஸ்தவர்)

சட்டசபைக்குத் தங்களுக்கெனத் தனி வாக்காளர் தொகுதி வேண்டாம், ஊராரோடு சேர்ந்தே வாக்களிப்போம் என்று 20ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் சீர்திருத்த சபைக் கிறிஸ்தவத் தலைவர்கள் சிலர் எடுத்த நிலைப்பாடு பொதுத் தொகுதிக் கொள்கை. சுவிசேஷப் பணியில் ஊறிய வே. ச. அசரியா, கே. டி. பால் ஆகிய இரு தமிழர்கள் இதற்காக உறுதியாகக் குரல் கொடுத்தனர்.

பின்னணி

1919ஆம் ஆண்டின் இந்திய அரசுச் சட்டப்படி அமைந்த சென்னைச் சட்டசபையில் இந்தியக் கிறிஸ்தவருக்கு 5 இடங்கள் தனியே கிடைத்தன. அவற்றுக்குக் கிறிஸ்தவர் மட்டுமே வாக்களிக்கலாம். மாகாணம் முழுவதற்கும் ஐந்தே இடங்கள் என்பதால் ஒவ்வொரு தொகுதியும் பல மாவட்டங்களில் பரந்து கிடந்தது.

காஞ்சிபுரம் போன்ற கோயில் நகரில் கிறிஸ்தவர்கள் சிறு தொகையினர். ஸ்காட்லாந்து மிஷனைச் சேர்ந்த ஜான் ஆண்டர்சனின் பெயரால் வழங்கும் பள்ளி அங்கே பல சமயத்துப் பிள்ளைகளையும் ஒன்றாகப் படிக்க வைத்தது. அந்தப் பிள்ளைகளின் தகப்பன்மாருக்கு வாக்குரிமை இருந்தால், தேர்தலில் அவர்கள் பெயர்கள் வெவ்வேறு பட்டியல்களில் இருக்கும். கிறிஸ்தவ வேட்பாளர் பிள்ளையார்பாளையத்தில் தறிக்குழியில் கால் இறக்கிப் பட்டு நெய்பவரிடம் வாக்குக் கேட்டுப் போக வேண்டியதில்லை. அந்த நெசவாளரின் வேட்பாளரும் கிறிஸ்தவர் வீட்டுப் படி ஏற வேண்டியதில்லை. பொதுத் தொகுதி கேட்டவர்கள் மாற்ற விரும்பியது இந்த நிலையைத்தான்.

தலைவர்கள்

அசரியா (1874–1945) திருநெல்வேலிச் சீமையின் வெள்ளாளன்விளையில் பிறந்தவர். 1912இல் தோர்ணக்கல் பேராயராகி, ஆங்கிலிக்கன் திருச்சபையின் முதல் இந்தியப் பேராயர் ஆனார். பால் (1876–1931) சேலத்துக்காரர். 1905 டிசம்பர் 25 அன்று செராம்பூரில் தேசிய மிஷனரி சங்கத்தைத் தொடங்கியவர்களுள் இருவரும் உண்டு. இந்தியர் கையாலும் இந்தியர் பணத்தாலும் நற்செய்திப் பணி நடக்க வேண்டும் என்பது அச்சங்கத்தின் நோக்கம்.

1916இல் ஒய்.எம்.சி.ஏ.வின் முதல் இந்திய தேசியப் பொதுச் செயலாளரான பால், கிராமங்களில் கூட்டுறவுக் கடன் சங்கங்களை வளர்த்தார். 1930இல் முதல் வட்டமேசை மாநாட்டுக்கு இந்தியக் கிறிஸ்தவர் பிரதிநிதியாகச் சென்றார். தம் சமூகத்துக்குத் தனிச்சலுகை கேட்கப் போக வேண்டிய அந்த இடத்திலேயே தனி வாக்காளர் தொகுதியை அவர் ஏற்கவில்லை. சமூகவாரியாகத் தனித் தொகுதிகளை வழங்கிய 1932இன் வகுப்புத் தீர்ப்பை அசரியா எதிர்த்தார். தலை எண்ணிக்கைக்கு ஏற்ப இடம் என்றாகிவிட்டால் திருச்சபை ஓர் அரசியல் சாதியாகிவிடும் என்பது அவரது கவலை.

மாற்றுக் கருத்து

நீதிக்கட்சியைச் சேர்ந்த கத்தோலிக்கர் ஏ. டி. பன்னீர்செல்வம், சிதறிக் கிடக்கும் சிறுபான்மையினருக்குத் தனிப் பிரதிநிதித்துவமே காப்பு என்றார். வகுப்புவாரி உரிமைப் பிரச்சினை காஞ்சிபுரத்திலேயே எழுந்ததுண்டு. 1925 நவம்பரில் அங்கு நடந்த தமிழ்நாடு காங்கிரஸ் மாநாட்டில் ஈ. வெ. ராமசாமி கொண்டுவந்த வகுப்புவாரிப் பிரதிநிதித்துவத் தீர்மானத்துக்குத் தலைவர் திரு. வி. க. அனுமதி மறுத்தார், ஈ. வெ. ரா. காங்கிரஸை விட்டு வெளியேறினார். ஏற்றத்தாழ்வு நிறைந்த ஊரில் பொதுப்பட்டியல் மட்டும் நியாயம் தந்துவிடுமா என்ற அவரது கேள்வி, கிறிஸ்தவத் தலைவர்களின் கொள்கைக்கும் பொருந்தும்.

விளைவு

1935ஆம் ஆண்டுச் சட்டமும் தனித் தொகுதிகளையே தொடர்ந்தது. சென்னைச் சட்டப்பேரவையில் இந்தியக் கிறிஸ்தவருக்கு 8 இடங்கள். 1949 மே மாதம் அரசியல் நிர்ணய சபை சமயச் சிறுபான்மையினருக்கான இட ஒதுக்கீட்டைக் கைவிட்டது. எச். சி. முகர்ஜி, ஜெரோம் டிசூசா போன்ற கிறிஸ்தவ உறுப்பினர்கள் அதற்கு ஆதரவளித்தனர். பாலும் அசரியாவும் அதைக் காண உயிரோடு இல்லை.

ஆனால் 1950ஆம் ஆண்டுக் குடியரசுத் தலைவர் ஆணை பட்டியல் சாதித் தகுதியைப் பெரும்பாலும் இந்துக்களுக்கே தந்தது. சீக்கியருக்கு 1956இலும் பௌத்தருக்கு 1990இலும் அது நீட்டிக்கப்பட்டது; தலித் கிறிஸ்தவருக்கு இல்லை. தமிழ்நாட்டில் அவர்கள் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் உள்ளனர். இன்று அவர்கள் ஊராரோடு ஒரே வரிசையில் நின்று வாக்களிக்கிறார்கள். பட்டியல் சாதியினருக்கான தொகுதியில் வேட்பாளராக மட்டும் நிற்க முடியாது. அயலாரை நம்பிப் பொதுத் தொகுதி கேட்டவர்களுக்கு நாடு தர வேண்டிய பதில் இந்த இடத்தில் நிலுவையில் இருக்கிறது.