பதினொரு குடும்பங்களுக்காக ஓர் ஓடம்

ஊர் என்று சொல்ல நான்கு வீடுகள்கூடச் சேர்ந்திராத இடத்தில் வாழ்பவர்க்கும் கடிதம் கொண்டுபோய்ச் சேர்ப்பது அரசின் கடமையா? அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில், பசிபிக் கடலில் கலக்கும் ரோக் ஆற்றின் கரையில் இக்கேள்வி பன்னிரண்டு ஆண்டுகள் விடையின்றிக் கிடந்தது.

1883-ஆம் ஆண்டு, அங்குக் குடியிருந்த எலைஜா பிரைஸ் என்பவர் அரசுக்கு ஒரு வேண்டுகோள் விடுத்தார். பின்னாளில் கோல்ட் பீச் எனப் பெயர்பெற்ற முகத்துவார ஊரிலிருந்து, ஆற்றில் ஏறக்குறைய 40 மைல் மேலேயுள்ள பிக் பெண்ட் வரை ஓடத்தில் தபால் அனுப்ப வேண்டும் என்பதே அது. வழியில் ஊர் ஒன்றும் இல்லை, ஏறத்தாழப் பதினொரு குடும்பங்களே பயன்பெறும் என்பதை அவர் மறைக்கவில்லை. நெடுங்காலம் தயங்கிய அஞ்சல் துறை, 1895-இன் தொடக்கத்தில்தான் ஓராண்டுச் சோதனைக்கு இசைந்தது. பிரைஸின் மரவீடே அஞ்சலகமாயிற்று. அவரே அதன் அதிகாரி. வாரம் ஒருமுறை ஓடம் போய்த் திரும்பவும் அவரே பொறுப்பு. அந்த ஓராண்டுக்கு ஊதியம் கிடையாது. அஞ்சலகத்திற்கு அவர் இட்ட பெயர் இல்லாஹி. அப்பகுதியில் வழங்கிய சினூக் கலப்புமொழியில் ‘மண்’ என்பது அதன் பொருள்.

முதல் ஓடம் கேதுரு மரத்தாலானது. 18 அடி நீளம். துடுப்பு வலித்தும், கழி ஊன்றியும், தள்ளியும், இழுத்தும், காற்று வாய்த்தபோது பாய் விரித்தும் அதனை மேலே செலுத்தினர். கடிதங்களோடு மளிகைப் பொருளும் சென்றது. 1897-இல் இடைவழியில் மற்றோர் அஞ்சலகம் தோன்றியது. அதன் அதிகாரி தம் மகள் ஆக்னஸின் பெயரைச் சூட்டினார். படியெடுத்தவரின் கைப்பிழையால் ஆங்கில எழுத்தொன்று மிகுந்தது. அப்பிழையோடே ஊர்ப்பெயர் நிலைத்துவிட்டது. இல்லாஹிக்கும் அப்பால், ஆறு பாறைகளிடையே சீறிப்பாயும் பகுதியிலிருந்த மேரியலுக்குக் கோவேறு கழுதைகளே தபால் சுமந்தன. 1954-இல் அவ்வஞ்சலகம் மூடப்படும்வரை இது நீடித்தது.

தபால் சென்ற வழியில் பயணிகளும் ஏறினர். 1930-க்குள் ஃபோர்டு எந்திரம் பூட்டிய, பத்துப் பேர் அமரத்தக்க படகுகள் மூன்று ஓடின. 1960-களில் வந்த ஜெட் படகுகளுள் பெரியவை ஏறத்தாழ ஐம்பது பேரைச் சுமந்தன. 1968-இல் நாட்டின் சட்டத்தால் முதன்முதல் பாதுகாக்கப்பட்ட எட்டு ஆறுகளுள் ரோக் ஆறும் இடம்பெற்றது. மலையையும் நீரையும் காண வருவோர் பெருகினர். 2010-ஆம் ஆண்டிலும் அப்படகுகள் ஆக்னஸுக்குத் தபால் கொண்டுசென்றன. ஆயினும் உல்லாசப் பயணமே அவற்றின் முதன்மைத் தொழிலாகியிருந்தது.

கடிதப்பை சிறுத்துப் பயணியர் இருக்கை பெருகியதில் வருந்த ஏதுமில்லை. ஆனால் நாம் நினைவிற்கொள்ள வேண்டியது ஒன்று உண்டு. அந்த ஆற்றின் அழகு 1883-லும் அங்கேயே இருந்தது. அதற்காக எவரும் ஓடம் விடவில்லை. “எத்தனை பேருக்குப் பயன்?” என்று கேட்டவர்களிடம், “பதினொரு குடும்பங்களுக்கு” என்று கூசாமல் விடை சொல்ல ஒருவர் இருந்தார். ஊதியமின்றி அவர் உழைத்த அந்த ஓராண்டே பின்வந்த அத்தனை பயணிகளுக்கும் வழி திறந்தது.