தேறல்: ஒரு சொல்லுக்குள் இருக்கும் மதிப்பீடு

திராட்சை மதுவைச் சுவைத்து மதிப்பிடுவோர் தெளிவு, மணம், சுவை, முதிர்ச்சி ஆகியவற்றை நோக்குவர். இதற்குரிய சொற்கள் தமிழில் இல்லை என்ற கருத்தைச் சங்க நூல்களைக் கொண்டு சோதித்துப் பார்க்கலாம்.

புறநானூற்றின் 56ஆம் பாடலில், யவனர் கொணர்ந்த மதுவைப் பாண்டியன் நன்மாறன் பொற்கலத்தில் அருந்துவதை நக்கீரர் பாடுகிறார். அவர் குறிக்கும் இயல்புகள் தண்மையும் மணமும். அயல்நாட்டு மதுவாயினும் அவர் இட்ட பெயர் 'தேறல்' என்னும் தமிழ்ச்சொல்லே. 'தேறு' என்றால் கலங்கல் நீங்கித் தெளிதல். நம்புதல், தேர்வில் வெற்றி பெறுதல் என்னும் பொருள்களும் இவ்வினைக்கு உண்டு. பெயரே ஒரு தரச்சான்றாக நிற்கிறது.

இதன் எதிர்ச்சொல்லும் கிடைக்கிறது. 298ஆம் பாடல், வேந்தன் வீரர்க்குக் கலங்கலைத் தந்து தான் தேறல் உண்டதைச் சொல்கிறது. முதிர்ச்சிக்கு, மண்ணில் புதைத்துப் பழுத்த மதுவை 120ஆம் பாடலும், மூங்கிற் குழாயில் விளைந்ததைத் திருமுருகாற்றுப்படையும் குறிக்கின்றன. நாட்பட்ட தேறலின் கடுப்புக்கு 392ஆம் பாடல் தேளின் கொட்டை உவமையாக்குகிறது.

தொல்லியலும் துணை நிற்கிறது. 1945இல் மார்ட்டிமர் வீலர் அகழ்ந்த அரிக்கமேட்டில் மத்தியதரைக்கடற் பகுதியின் மதுச்சாடி ஓடுகள் கிடைத்தன. அவற்றுள் கோஸ் தீவின் வகையும் உண்டு. கோஸ் மது கடல்நீர் கலந்து செய்யப்பட்டது. 'பெரிப்ளூஸ்' நூலோ பரிகசாத் துறையில் இத்தாலிய மதுவே மிகவும் விரும்பப்பட்டது என்றும், முசிறிக்குச் சிறிதளவே வந்தது என்றும் கூறுகிறது. வணிகர் ஊர்ப்பெயரால் தரம் பிரித்தனர். புலவர் கண்ணாலும் மூக்காலும் நாவாலும் பிரித்தனர். நன்மாறன் பருகியது செம்மதுவா வெண்மதுவா என்பதைப் பாடல் சொல்லவில்லை. நாமும் ஊகித்து நிரப்பலாகாது.

இச்சொற்கள் நமக்குக் கிட்டியது பாடல்கள் ஏட்டில் தங்கியதால்தான். நிக்கோபார்த் தீவுகளிலும் தென்னங்கள் நெடுங்கால வழக்கம். ஆனால் அம்மொழிகளின் மரபு பெரிதும் வாய்மொழியில் வாழ்வது, இ. எச். மான் மத்திய நிக்கோபார் மொழிக்கு அகராதி வெளியிட்டதே 1889இல்தான். 2004 ஆழிப்பேரலையில் தென்னந்தோப்புகள் பெருமளவில் அழிந்தன, ஊர்கள் இடம்பெயர்ந்தன. மரமும் தொழிலும் குறையும்போது, புதிய கள்ளையும் புளித்த கள்ளையும் வேறுபடுத்தும் சொற்களும் வழக்கொழியக்கூடும். தீவுகளில் களப்பணி செய்யும் மாணவர்கள், உறவுப்பெயர்களோடும் எண்ணுப்பெயர்களோடும் சுவைச்சொற்களையும் தம் வினாநிரலில் சேர்த்துக்கொள்ள வேண்டும். நாவறிந்த வேறுபாடுகளைச் சொல் காத்துவைக்கும். அச்சொல்லைக் காக்கும் பொறுப்பு நம்முடையது.