போலிச் சத்து

1928ல் பம்பாய்க்கு வந்த ஆங்கிலேய மருத்துவர் லூசி வில்ஸ், கர்ப்பிணிகளைப் பீடித்த ஒருவகை இரத்தசோகை ஈஸ்ட் சாற்றினால் நீங்குவதைக் கண்டறிந்தார். அச்சாற்றிலிருந்த சத்துதான் பின்னாளில் ஃபோலிக் அமிலம் எனப் பெயர் பெற்றது. 1945ல் அமெரிக்காவின் லெடர்லி ஆய்வகம் அதைச் செயற்கையாகத் தயாரித்தது. ஆய்வுக்குத் தலைமை வகித்தவர், சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்ற எல்லாப்பிரகட சுப்பாராவ்.

இரத்தத்தை வளர்க்கும் சத்தாயிற்றே என்று, பாஸ்டனில் மருத்துவர் சிட்னி ஃபார்பர் இவ்வகைச் சேர்மங்களை இரத்தப் புற்றுநோய் கண்ட குழந்தைகளுக்கு அளித்தார். நோய் தணியவில்லை, விரைந்து பெருகியது.

அந்தத் தோல்வியே வழிகாட்டிற்று. ஊட்டினால் வளர்வதைப் பட்டினி போட்டால் என்ன? செல் பெருக ஃபோலிக் அமிலம் தேவை. அதன் சாயலிலேயே அமைந்த போலி மூலக்கூறு அதன் வேலையைத் தடுத்துவிட்டால் செல் பெருகாது. சுப்பாராவின் குழு உருவாக்கிய அமினோப்டெரின் அத்தகைய போலி.

1948 ஜூனில் ஃபார்பர் வெளியிட்ட கட்டுரை 16 குழந்தைகளைப் பற்றியது. 10 பேருக்கு நோய் தணிந்தது; ஆனால் தற்காலிகமாகவே. அந்த ஆகஸ்டில் சுப்பாராவ் 53ஆம் வயதில் காலமானார்.

பின்னர் அமினோப்டெரினின் உறவான மெதோட்ரெக்சேட், மெர்காப்டோபூரின், நம் தோட்டத்து நித்தியகல்யாணியிலிருந்து பிரித்தெடுத்த வின்கிறிஸ்டின் ஆகியவை கூட்டு மருந்துகளாயின. ஒன்றுக்குத் தப்பிய செல்லை மற்றொன்று மடக்கியது. இன்று வளர்ந்த நாடுகளில் இந்நோய் கண்ட குழந்தைகளில் சுமார் 90 விழுக்காட்டினர் ஐந்தாண்டுகளைக் கடக்கின்றனர். 1948ன் குழந்தைகளுக்குக் கிடைத்தவை சில மாதங்களே. இந்நோயை மருந்து தணிக்கும் என்பதற்கு அன்று வேறு சாட்சி இல்லை.