கத்தரியும் ஒரு கினியும்

குட்டை முடியை இக்கால மோகம் என்றே இளமையில் எண்ணியிருந்தேன். வரலாறு என்னைத் திருத்தியது. 18-ஆம் நூற்றாண்டில் ஐரோப்பியச் செல்வர்கள் பொய்ம்முடி தரித்து, அதன்மேல் மாப்பொடி தூவினர். 1791-இல் பாரிஸில், வால்டேரின் ‘புரூட்டஸ்’ நாடகத்தில் டைட்டஸ் வேடம் பூண்ட டால்மா, உரோமானியரைப் போல முடியைக் குறுகக் கத்தரித்து மேடையேறினார். இளைஞர் பின்பற்றினர், கலைத்துவிட்டாற்போல் நிற்கும் அம்முடிக்கு ‘டைட்டஸ்’ என்றே பெயர் வழங்கிற்று.

1795-இல் இங்கிலாந்துப் பிரதமர் பிட், பொடி பூசுவோர்க்கு ஆண்டுக்கு ஒரு கினி வரி விதித்தார். வரி கொடுக்க மனமின்றிப் பெட்ஃபோர்டுக் கோமகன் நண்பர்களுடன் முடியைக் கத்தரித்துக்கொண்டார். ஏழைகள் ரொட்டிக்கு வாடிய ஆண்டு அது. மாணவ நண்பர்களே, தலையில் தூவிய மாவு பிறர் வயிற்றுக்கு உரியதன்றோ?