நெருப்பைத் தூங்க வைப்பாங்க, பாம்புக்குப் பால் வைப்பாங்க... லிதுவேனியாவின் ஆதி கடவுள்கள் யார் யார்?

2024 டிசம்பரில் லிதுவேனியா நாடாளுமன்றத்தில் ஒரு வாக்கெடுப்பு. 'ரோமுவா' என்ற மத அமைப்புக்கு அரசு அங்கீகாரம் தரலாமா, வேண்டாமா என்பதுதான் கேள்வி. தரலாம் என்று முடிவானது. அந்த அமைப்பு கும்பிடும் கடவுள்களுக்கு அந்த நாட்டில் அரசு மரியாதை நின்றுபோய் 600 வருஷத்துக்கு மேல் ஆகிறது!

ஐரோப்பாவில் கடைசியாக கிறிஸ்தவத்துக்கு மாறிய அரசு லிதுவேனியாதான். போலந்து ராணி யத்விகாவை மணந்து அந்த நாட்டு அரசரான யோகைலா, 1387-ல் தன் மக்களுக்கு ஞானஸ்நானம் செய்து வைத்தார். மேற்கே இருக்கும் சமோகிட்டியா பகுதி மாற 1413 வரை ஆனது.

எழுதி வைத்தது யார்?

சிக்கல் இங்கேதான். இந்தக் கடவுள்களைக் கும்பிட்டவர்கள் எதையும் எழுதி வைக்கவில்லை. எழுதியவர்கள் பெரும்பாலும் அந்த வழிபாட்டை ஒழிக்க நினைத்தவர்கள், இல்லையென்றால் வெளியூர்க்காரர்கள்.

1251-ல் ஞானஸ்நானம் பெற்ற மன்னர் மிந்தவுகாஸ் ரகசியமாக பழைய தெய்வங்களையே கும்பிட்டார் என்கிறது ஒரு ஸ்லாவிய நாளாகமம். வயலில் முயல் குறுக்கே ஓடினால் தோப்புக்குள் கால் வைக்க மாட்டாராம், ஒரு குச்சியைக் கூட ஒடிக்க மாட்டாராம். அதே குறிப்பில்தான் காட்டு தெய்வம் மெடெய்னாவின் பெயரும் வருகிறது.

இன்னொரு வேடிக்கை. லிதுவேனிய மொழியில் அச்சான முதல் புத்தகம், 1547-ல் மார்ட்டினாஸ் மஜ்வீதாஸ் வெளியிட்ட கிறிஸ்தவ வேதபாட நூல். வீட்டுக் குட்டி ஆவிகளான 'கௌகாய்'களை விட்டுவிடச் சொல்லி அது மக்களைக் கேட்கிறது. மதம் மாறி 160 வருஷம் கழித்தும் விடச் சொல்ல வேண்டியிருந்தது என்றால், விடவில்லை என்றுதானே அர்த்தம்?

1615-ல் அச்சான யான் லசிட்ஸ்கியின் நூல் 70-க்கும் மேற்பட்ட தெய்வப் பெயர்களை அடுக்குகிறது. அதில் பல, காதில் விழுந்ததைத் தப்பாகப் புரிந்துகொண்டு எழுதியவை என்பது ஆய்வாளர்கள் கருத்து. இணையத்தில் கிடைக்கும் நீளமான பட்டியல்களை அப்படியே நம்பக் கூடாது.

அடுப்படியில் இருந்த தெய்வம்

உறுதியாகத் தெரிந்தவர்களில் பெரியவர் பெர்கூனாஸ், இடி தெய்வம். அவருக்கு உரியது ஓக் மரம். வசந்தத்தின் முதல் இடி விழுந்த பிறகுதான் மண் விழிக்கும் என்று நம்பினார்கள். மண்ணுக்கு ஜெமினா. பீர் குடிக்கும் முன் அவளுக்காகத் தரையில் கொஞ்சம் ஊற்றுவார்கள். குழந்தை பிறக்கும்போதே தலைவிதியைச் சொல்பவள் லைமா.

ஆனால் அதிக காலம் தாக்குப்பிடித்தது அடுப்பு நெருப்பின் தெய்வம் கபியாதான். ராத்திரி வேலை முடிந்ததும் வீட்டுப் பெண் கங்குகளைச் சாம்பலால் மூடி, 'நல்லா தூங்கு' என்று வேண்டிக்கொள்வாள். நெருப்பில் துப்பக் கூடாது, காலால் மிதிக்கக் கூடாது. உப்பு போட்டுப் படைப்பார்கள். கோயிலை இடிக்கலாம், தோப்பை வெட்டலாம், ஒவ்வொரு வீட்டு அடுப்பையும் யார் போய் அணைப்பது?

விஷமில்லாத புல்பாம்பான 'ஜல்டிஸ்' வீட்டுக்குள் வந்தால் அதிர்ஷ்டம். பால் வைப்பார்கள், கொன்றால் கேடு. 'ஐத்வரஸ்' கொஞ்சம் வில்லங்கம். நெருப்பு வாலோடு பறந்து பக்கத்து வீட்டுத் தானியத்தையும் பணத்தையும் திருடி, தன்னை வளர்ப்பவர் வீட்டில் கொட்டும் ஆவி அது.

லிதுவேனிய மொழியில் நெருப்பு 'உக்னிஸ்', கடவுள் 'தியேவாஸ்'. அக்னியும் தேவனும் ஞாபகத்துக்கு வருதா? சமஸ்கிருதமும் லிதுவேனியமும் ஒரே இந்தோ-ஐரோப்பிய மொழிக்குடும்பம். அவ்வளவுதான், அதற்கு மேல் கதை கட்ட வேண்டாம்.

பெயர் மாறிய பண்டிகைகள்

ஜூன் 23 இரவு 'ராசோஸ்', அதாவது பனித்துளிகள். பூமாலையை ஆற்றில் விடுவது, விடிய விடிய நெருப்பு மூட்டுவது, நள்ளிரவில் காட்டுக்குள் பெரணிப் பூ தேடுவது எல்லாம் உண்டு. பெரணி பூக்கவே பூக்காது என்பது தேடுகிறவர்களுக்கும் தெரியும்! தேவாலயம் இதைப் புனித யோவான் திருநாளாக்கியது. ஜூன் 24 இப்போது அரசு விடுமுறை.

டிசம்பர் 24 இரவு 'கூச்சோஸ்' விருந்தில் இறைச்சி இல்லாத 12 வகை உணவு. மேஜை விரிப்புக்கு அடியில் வைக்கோல். சாப்பிட்ட பிறகும் மேஜையைச் சுத்தம் செய்யாமல் விடுவது வழக்கம், இறந்துபோன சொந்தங்கள் ராத்திரி வந்து சாப்பிடுவார்கள் என்று.

30 வருஷப் போராட்டம்

சோவியத் காலத்தில், 1967-ல் கெர்னாவே மலைக்கோட்டைகளில் ராசோஸை மறுபடி தொடங்கியவர்களில் முக்கியமானவர் யோனாஸ் த்ரின்கூனாஸ். அதற்கு விலையாக அவருடைய பல்கலைக்கழக வேலை போனது. சுதந்திரம் வந்த பிறகு 1992-ல் ரோமுவா பதிவானது. 2014-ல் அவர் இறந்தபோதும் அரசு அங்கீகாரம் வரவில்லை. 2019-ல் நாடாளுமன்றம் மறுத்தது. ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம், இந்த மறுப்பு பாரபட்சமானது என்று 2021-ல் தீர்ப்பளித்தது. அதன் பிறகும் மூன்று வருஷத்துக்கு மேல் ஆனது.

இந்த அங்கீகாரத்தால் என்ன மாறும்? ரோமுவா சடங்குப்படி நடக்கும் கல்யாணம் இனி சட்டப்படி செல்லும். பள்ளியில் இந்த மதத்தைக் கற்பிக்கவும் கேட்கலாம்.