மறுபகுப்பாய்வுத் தரவில் அவதானிப்பின் பங்கு

கடந்துபோன ஒரு நாளின் வளிமண்டல நிலையை, அன்று பதிவான அவதானிப்புகளை இன்றைய கணித மாதிரியுடன் இணைத்துத் திரும்பக் கணக்கிடுவதே மறுபகுப்பாய்வு. முன்னறிவிப்பு மையங்கள் நாள்தோறும் செய்யும் பகுப்பாய்வும் இதே வகையைச் சேர்ந்ததுதான். ஆனால் அம்மையங்களின் மாதிரிகள் அடிக்கடி மாறுவதால், பழைய பகுப்பாய்வுகளை வரிசையாக அடுக்கிப் பார்க்கும்போது மாறியது காலநிலையா, மாதிரியா என்று சொல்ல முடியாது. 1988இல் பெங்ட்சனும் சுக்லாவும் ஒருபுறம், டிரென்பெர்த்தும் ஆல்சனும் மறுபுறம், மாதிரியை மாற்றாமல் வைத்துக்கொண்டு பழைய தரவு முழுவதையும் மீண்டும் பகுத்தாய வேண்டும் என்று எழுதினர். அவ்வழியில் வந்தவற்றுள் ஐரோப்பிய நடுத்தரக் கால வானிலை முன்னறிவிப்பு மையத்தின் ஈரா-5 இன்று மிகப் பரவலாகப் பயன்படுகிறது. 1940 முதல் மணிக்கொரு முறை, ஏறத்தாழ 31 கி.மீ. பிரிதிறனில், 137 அடுக்குகளில் அது உலகம் முழுவதற்கும் மதிப்புகள் தருகிறது.

காற்று, வெப்பநிலை, ஈரப்பதம், மழை, கதிர்வீச்சு ஆகிய அனைத்தும் ஒரே கட்டத்தில், ஒரே கோப்பு வடிவில், இடைவெளியின்றிக் கிடைப்பதால் எல்லாம் ஒரே தரத்தவை என்ற எண்ணம் பயனருக்கு எளிதில் உண்டாகிறது. அது தவறு. ஓர் எண்ணை எந்த அளவுக்கு நம்பலாம் என்பது, அதில் அவதானிப்பின் பங்கு எவ்வளவு, மாதிரியின் பங்கு எவ்வளவு என்பதைப் பொறுத்தது. இப்பங்கு மாறிக்கு மாறி, இடத்துக்கு இடம், ஆண்டுக்கு ஆண்டு வேறுபடுகிறது.

கணக்கீட்டின் அடிப்படை எளியது. மாதிரியின் குறுகிய கால முன்கணிப்பு ஓரிடத்தில் 30 டிகிரி என்கிறது. கருவி 32 டிகிரி காட்டுகிறது. இரண்டின் பிழையும் 1 டிகிரி என்றால் விடை நடுவில், 31 டிகிரியில் அமையும். கருவியின் பிழை 2 டிகிரி என்றால் பிழைகளின் வர்க்கங்கள் 1, 4 என்றாகி, அவதானிப்புக்கு ஐந்தில் ஒரு பங்கு எடையே கிடைக்கும், விடை 30.4 டிகிரி. ஈரா-5 இதையே 12 மணி நேரச் சாளரத்துக்குள், இலட்சக்கணக்கான அவதானிப்புகளுக்கு ஒருசேரச் செய்கிறது. அவதானிப்பே இல்லாத இடத்தில் முன்கணிப்பு பெரும்பாலும் அப்படியே நிற்கும்.

1996இல் அமெரிக்காவின் முதல் நீண்ட மறுபகுப்பாய்வை வெளியிட்ட கல்னே குழுவினர் இதை உணர்ந்தே மாறிகளை வகைப்படுத்தினர். மேல்வளிக் காற்றும் வெப்பநிலையும் அவதானிப்பால் வலுவாக இழுக்கப்படுபவை. ஈரப்பதமும் தரையருகு வெப்பநிலையும் இடைப்பட்டவை. மழையும் தரைப்பரப்பு வெப்பப் பாய்வுகளும் மாதிரி தானே உருவாக்குபவை. பின்வந்த பயனர்கள் பலர் இப்பாகுபாட்டை மறந்துவிட்டது வருந்தத்தக்கது.

மீனம்பாக்கத்தில் காலை 5.30, மாலை 5.30 மணி அளவீடுகளுக்காகப் பறக்கவிடப்படும் பலூன்கள் சென்னைக்கு மேலுள்ள காற்றை மாதிரிக்குச் சொல்கின்றன. ஆனால் சென்னையின் மழைமானி அளவுகள் ஈரா-5க்குள் செல்வதில்லை. அமெரிக்க நிலப்பகுதிக்கு மட்டும் 2009 முதல் ராடார்-மழைமானிக் கூட்டுத் தரவு சேர்க்கப்படுகிறது. 2015 டிசம்பர் 2 காலை 8.30 மணியுடன் முடிந்த 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 செ.மீ., செம்பரம்பாக்கத்தில் 47 செ.மீ. மழை பதிவாயிற்று. பயனர் தரவிறக்கும் 0.25 டிகிரிக் கட்டம் சென்னையின் அட்சரேகையில் ஏறத்தாழ 750 சதுர கி.மீ. பரப்புடையது. அவ்வளவு பரப்பின் சராசரியாக, அதுவும் மாதிரியே உருவாக்கிய மழையாக வரும் எண்ணை ஒரு மானியின் உச்ச அளவுடன் நேரடியாக ஒப்பிடுவது பொருந்தாது. வெள்ள வடிகால் வடிவமைப்புக்கு அதை மட்டும் நம்புவது ஆபத்தானது.

ஒப்பீட்டில் நேரமும் குழப்பம் விளைவிக்கும். இந்திய மழைநாள் காலை 8.30க்கு, அதாவது உலகப் பொது நேரம் 03 மணிக்கு முடிகிறது. ஈரா-5இல் மழை, குறிப்பிட்ட மணியுடன் முடியும் ஒரு மணி நேரத் திரட்சியாக, மீட்டர் அலகில் தரப்படுகிறது. ஆகவே டிசம்பர் 2ஆம் நாள் இந்தியப் பதிவுக்கு ஈடாக, 1ஆம் நாள் 04 மணி முதல் 2ஆம் நாள் 03 மணி வரையுள்ள 24 மதிப்புகளைக் கூட்டி, மில்லிமீட்டராக்க 1000ஆல் பெருக்க வேண்டும். நாட்காட்டித் தேதியை மட்டும் பார்த்துக் கூட்டினால் விடியற்காலை மழை வேறு நாளின் கணக்கில் சேர்ந்துவிடும். நிலப்பரப்புக்கான ஈரா-5-லேண்ட் தொகுப்பிலோ திரட்சி 00 மணியிலிருந்து தொடர்ந்து ஏறுவதால் அடுத்தடுத்த மதிப்புகளைக் கழித்தாக வேண்டும்.

மலைப்பகுதியில் சிக்கல் வேறு. நீலகிரியின் உச்சியையும் மேட்டுப்பாளையத்துச் சமவெளியையும் மாதிரி மழுக்கிச் சராசரியாக்குகிறது. தரைப்பரப்பின் புவியீர்ப்பு ஆற்றல் மதிப்பை 9.80665ஆல் வகுத்தால் மாதிரி கொண்டுள்ள உயரம் தெரியும். உதகையின் உண்மை உயரத்துடன் உள்ள வேறுபாட்டைப் பார்த்து, வெப்பநிலையைக் கிலோமீட்டருக்கு 6.5 டிகிரி வீதம் திருத்துவது வழக்கம்.

நீண்ட காலப் போக்கை ஆராய்வோருக்கு இதைவிடப் பெரிய இடர் உண்டு. மாதிரி மாறாவிட்டாலும் அவதானிப்பு வலை மாறுகிறது. ஈரா-5 ஏற்ற அவதானிப்புகள் 1979இல் நாளொன்றுக்குச் சுமார் 7.5 இலட்சம், 2019 தொடக்கத்தில் அது சுமார் 2.4 கோடி. இந்தப் பெருக்கத்துக்கு முதன்மைக் காரணம் செயற்கைக்கோள்கள். ஈரா-5க்கு முந்தைய ஈரா-40இல் வெப்பமண்டலக் கடல்களின் மழை, குறிப்பாக 1991க்குப் பின், அளவுக்கு மீறிக் கூடியது. அவ்வாண்டு வெடித்த பினாட்டுபோ எரிமலையின் தூசு செயற்கைக்கோள் அளவீடுகளைப் பாதித்ததும் இதற்கு ஒரு காரணம். கப்பல்களும் தரைநிலையங்களும் சில பலூன்களுமே இருந்த காலத்தில், தனுஷ்கோடியை அழித்த 1964 டிசம்பர் புயல் போன்ற நிகழ்வுகளின் வலிமையைத் தரவிலிருந்து நேரடியாக எடுக்க முடியாது. 1950-78 காலத்துக்கான ஈரா-5இன் முதல் வெளியீட்டில் புயல் தடப் பதிவுகளைச் சேர்த்ததால் சில புயல்கள் இயல்பை மீறி வலுத்தன; இறுதி வெளியீட்டில் அது திருத்தப்பட்டது.

ஒவ்வொரு 12 மணி நேரச் சாளரத்திலும் அவதானிப்பு மாதிரியின் நிலையைத் திருத்தும்போது வளிமண்டலத்தில் நீர் சேர்கிறது அல்லது குறைகிறது. அதனால் மழை, ஆவியாதல், ஈரக் கடத்தல் ஆகியவற்றின் கணக்கு சரியாக மூடுவதில்லை. இந்த எச்சத்தைப் பிழை என்று ஒதுக்காமல் தனி உறுப்பாக எழுதிக் காட்டுவதே நேர்மையான முறை.

ஈரா-5 தன் ஐயப்பாட்டை 63 கி.மீ. பிரிதிறனுள்ள பத்து இணை ஓட்டங்களின் விரவலாகத் தருகிறது. பத்தும் ஒரே மாதிரியைச் சேர்ந்தவை என்பதால், அம்மாதிரியின் நிலையான சாய்வு விரவலில் தெரியாது. ஜப்பானின் ஜே.ஆர்.ஏ.-55, நாசாவின் மெர்ரா-2, பருவமழைக்கென 12 கி.மீ. பிரிதிறனில் அமைந்த இந்திய ஐ.எம்.டி.ஏ.ஏ. ஆகியவற்றுடன் ஒப்பிடுவது உதவும். ஆயினும் இவை பெரும்பாலும் ஒரே அவதானிப்புகளைப் பகிர்வதால், அவற்றின் உடன்பாடு சுதந்திரமான சான்றாகாது. மாதிரிக்குள் செல்லாத அளவீடே உண்மையான சோதனை. மழையைப் பொறுத்தவரை, 6955 மழைமானிகளைக் கொண்டு இந்திய வானிலை ஆய்வுத் துறை 1901 முதல் தொகுத்த 0.25 டிகிரிக் கட்டத் தரவு அத்தகையது. அதிலும் எல்லா மானிகளும் எல்லா நாளும் பதிவு தருவதில்லை. எனவே ஒப்பிடும் முன் அக்கட்டத்தில் அந்த ஆண்டுகளில் எத்தனை மானிகள் இயங்கின என்பதையும் பார்த்துக்கொள்ள வேண்டும்.